திட்டியவரைக் கொண்டாடியது ஏன்? நிக் சேபனும் அலபாமா ரசிகர்களும்

தாமிரபரணி எழுதியது:

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை (சாக்கர் அல்ல, அமெரிக்கன் ஃபுட்பால்) தொடர்ந்து பார்த்துவரும் நண்பர்களிடம் ஒரு கேள்வியை வைக்க விரும்புகிறேன். அலபாமா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநராக நிக் சேபன் 2007 முதல் 2023 வரை இருந்தார். அந்தப் பதினேழு சீசன்களில் ஆறு தேசியப் பட்டங்களை வென்று கொடுத்தார். ஆனால் சொந்த ரசிகர்களிடம் அவர் இனிமையாகப் பேசியவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2013 அக்டோபரில் ஆர்கன்சா அணியை 52-0 என்று நசுக்கிய ஆட்டத்தின் பாதியிலேயே மாணவர்கள் எழுந்து சென்றதைப் பார்த்துவிட்டு, ஆட்டக்காரர்கள் அறுபது நிமிடமும் ஆட வேண்டும் என்று தான் கேட்பதுபோல ரசிகர்களும் அறுபது நிமிடமும் இருக்க வேண்டும் என்றும், இருக்க மனமில்லாதவர்கள் வர விரும்புகிறவர்களுக்கு இடத்தை விட்டுக்கொடுக்கலாம் என்றும் வெளிப்படையாகவே சொன்னார். 2018-இல் மாணவர் பகுதி காலியாகக் கிடந்தபோதும் அதே கண்டிப்புதான். தோற்றுக்கொண்டிருக்கும் பயிற்றுநர் எவரேனும் இப்படிப் பேசியிருந்தால் வாரம் முடிவதற்குள் அவர் பெட்டியைக் கட்டியிருப்பார்.

சேபனுக்கோ 2011-இலேயே அரங்கின் வாசலில் சிலை வைத்தார்கள். ஓய்வுபெற்ற பிறகு 2024-இல் ஆடுகளத்துக்கும் அவர் பெயரைச் சூட்டினார்கள். வெற்றி என்ற ஒற்றைச் சொல்லால் இதை விளக்கிவிட முடியுமா, அல்லது பயிற்றுநருக்கும் ரசிகருக்கும் இடையே வேறு ஏதோ ஓர் உடன்பாடு இருக்கிறதா என்பதே என் கேள்வி.

கணக்கன் எழுதியது:

முடியும். ஆறு பட்டங்கள் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், ஐயா. அதற்கு மேல் விளக்கம் எதற்கு? வெல்கிறவர் திட்டினால் அது ஒழுக்கம், தோற்கிறவர் திட்டினால் அது திமிர். உலகில் எந்த விளையாட்டிலும் இதுதான் நடப்பு.

ஹன்ட்ஸ்வில்வாசி எழுதியது:

கணக்கன் அவர்களே, பில் கரி என்ற பெயரை நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். 1987 முதல் 1989 வரை மூன்று சீசன்கள் இதே அலபாமாவின் பயிற்றுநராக இருந்தவர் அவர். 26 வெற்றி, 10 தோல்வி. கடைசி ஆண்டில் முதல் பத்து ஆட்டங்களையும் வென்று, தென்கிழக்கு மாநாட்டின் (அந்த வட்டாரப் பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பு) பட்டத்தையும் பகிர்ந்துகொண்டார். வேறு பெரும்பாலான ஊர்களில் இந்தக் கணக்குக்குச் சம்பள உயர்வு கொடுப்பார்கள். இங்கே 1988-இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்திடம் தோற்றதற்காக அவருடைய அலுவலகச் சன்னலில் செங்கல் வந்து விழுந்தது. 1989 சீசன் முடிந்ததும் அவர் கென்டக்கிக்குப் போய்விட்டார், அதுவும் கால்பந்தில் அலபாமாவுக்குப் பல படிகள் கீழே இருந்த ஒரு பல்கலைக்கழகத்துக்கு.

காரணங்கள் இரண்டு. அதே மாநிலத்துப் பரம எதிரியான ஆபர்ன் அணியிடம் மூன்று ஆண்டும் தோற்றார், அது மன்னிக்கப்படாத பாவம். இரண்டாவது காரணம்தான் நம் பேச்சுக்கு முக்கியமானது. அவர் ஜார்ஜியா டெக்கில் ஆடியவர், அங்கேயே பயிற்றுநராகவும் இருந்தவர். அலபாமாவின் புகழ்பெற்ற முன்னாள் பயிற்றுநர் பேர் பிரையன்டின் வழிவந்தவர் அல்லர். பிரையன்ட் இறந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த நேரத்தில் வெளியார் ஒருவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்ததை ரசிகர்களில் பெரும்பகுதியினர் முதல் நாளிலிருந்தே ஏற்கவில்லை. கரி மரியாதையாகப் பேசுபவர், ஆட்டக்காரர்களின் படிப்பைப் பற்றி அக்கறை கொண்டவர் என்று அவரை அறிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். எதுவும் அவருக்கு உதவவில்லை.

அவருக்கு முன்பு இருந்த ரே பெர்கின்ஸ் பிரையன்டிடமே ஆடியவர். ஆனால் பிரையன்ட் ஏறி நின்று பயிற்சியைப் பார்த்த கோபுரத்தை அகற்றச் செய்ததை ஊர் கடைசிவரை அவர் கணக்கில் எழுதிவைத்தது. கரிக்குப் பின்பு வந்த ஜீன் ஸ்டாலிங்ஸ் டெக்சஸில் பிரையன்டிடம் ஆடி, பின்பு அலபாமாவில் அவருடைய உதவியாளராகவும் இருந்தவர். அவர் தம் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்றுத் தொடங்கியும் அரங்கம் பொறுத்துக்கொண்டது. 1992-இல் பட்டமும் வந்தது.

செங்காந்தள் எழுதியது:

ஹன்ட்ஸ்வில்வாசி அவர்கள் எழுதியதற்கு முன்னால் வைக்க வேண்டிய ஒரு பகுதி உண்டு. அந்த நாற்காலிக்கு இவ்வளவு கனம் எங்கிருந்து வந்தது?

அலபாமா மாநிலத்தில் முதல்நிலைத் தொழில்முறைக் கால்பந்து அணி கிடையாது. மற்றப் பெரிய தொழில்முறைக் கழகங்களும் அங்கே இல்லை. ஆகவே சனிக்கிழமைக் கல்லூரி ஆட்டமே அந்த மாநிலத்தின் முழுக் கவனத்தையும் எடுத்துக்கொண்டது. வகுப்பறைக்குள் ஒருநாளும் கால் வைக்காத ஆலைத் தொழிலாளர்களும் விவசாயிகளும் அந்தப் பல்கலைக்கழகத்தைத் தங்களுடையது என்று பேசினார்கள். கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டக் காலத்தில் வெளி உலகம் அந்த மாநிலத்தைக் கண்டனத்தோடு பார்த்தபோது, வெள்ளையின மக்களில் பலருக்குக் கால்பந்து ஒன்றே தலைநிமிர்வாக இருந்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. பிரையன்டின் அணியில் கறுப்பின ஆட்டக்காரர்கள் 1971-இல்தான் களமிறங்கினார்கள். 1961, 1964, 1965 ஆண்டுகளின் பட்டங்கள் முழுக்க வெள்ளையர் அணிகள் பெற்றவை. இன்று அந்த அரங்கில் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஆகவே "ரசிகர்" என்று நாம் ஒருமையில் பேசும்போதே, எந்தக் காலத்து ரசிகர், யார் யார் அந்தச் சொல்லுக்குள் அனுமதிக்கப்பட்டார்கள் என்ற கேள்வியும் உடன் வருகிறது.

பிரையன்ட் இந்த உறவை வளர்த்த விதம் தனிக் கவனத்துக்குரியது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைக்காட்சியில் அவர் நிகழ்ச்சி வரும். முந்தைய நாள் ஆட்டத்தின் படத்தை ஓடவிட்டு, ஆட்டக்காரனின் சொந்த ஊரையும் பெற்றோரையும் குறிப்பிட்டுக் கரகரத்த குரலில் பேசிக்கொண்டே போவார். மேசைமீது கோக்கும் கோல்டன் ஃப்ளேக் உருளைக்கிழங்கு வறுவலும் இருக்கும், அவைதான் விளம்பரதாரர்கள். எங்கோ ஒரு சிற்றூரின் பெயரை அவர் வாயால் உச்சரித்ததைக் கேட்ட குடும்பம், அதற்குப் பிறகு அவரை எப்படிக் கைவிடும்? 1983 சனவரியில், தம் கடைசி ஆட்டம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் அவர் இறந்தபோது, பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசாவிலிருந்து பர்மிங்காம் வரை நெடுஞ்சாலையின் இருபுறமும் இலட்சக்கணக்கானோர் நின்றார்கள். கரியின் சன்னலில் விழுந்த செங்கலை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். நான் அதை நியாயப்படுத்தவில்லை.

கணக்கன் எழுதியது:

நல்ல வரலாறு, நன்றி. ஆனால் இது என் பக்கத்துக்கே வலு சேர்க்கிறது. "நம் ஆள்" என்பதே அளவுகோல் என்றால் சேபன் எப்படித் தேறினார்? அவர் மேற்கு வர்ஜீனியாக்காரர், ஆடியது கென்ட் ஸ்டேட்டில், பயிற்றுவித்தது டொலீடோ, மிச்சிகன் ஸ்டேட், லூயிசியானா ஸ்டேட். பிரையன்டோடு எந்தத் தொடர்பும் கிடையாது. அதோடு 2006 டிசம்பரில் மயாமி டால்ஃபின்ஸ் என்ற தொழில்முறை அணியின் பயிற்றுநராக இருந்துகொண்டே, தான் அலபாமாவுக்குப் போகப்போவதில்லை என்று செய்தியாளர்களிடம் அடித்துச் சொல்லிவிட்டு, இரண்டு வாரத்துக்குள் எட்டு ஆண்டு, 32 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர். சொல் தவறியவர், வெளியார், பணத்துக்கு வந்தவர். இந்த மூன்று குற்றச்சாட்டுகளையும் அழித்தது வெற்றிப் பட்டியல்தான்.

தாமிரபரணி எழுதியது:

அழித்தது என்கிறீர்கள், ஆனால் காலவரிசை உங்களுக்கு ஒத்துழைக்கவில்லை. 2007 ஏப்ரலில், ஓர் ஆட்டம்கூட வெல்லாத நிலையில், அணி தனக்குள் இரண்டாகப் பிரிந்து ஆடும் வசந்தகாலப் பயிற்சி ஆட்டத்தைப் பார்க்க 92,138 பேர் வந்தார்கள். அது கணக்கில் சேராத ஆட்டம். வெற்றியைக் கொண்டாட வந்த கூட்டம் அல்ல அது, நம்பிக்கையை முன்பணமாகக் கொடுக்க வந்த கூட்டம். அந்த ஆண்டு நவம்பரில் சொந்த அரங்கிலேயே லூயிசியானா-மன்ரோ என்ற சிறிய பல்கலைக்கழகத்திடம் 21-14 என்று அலபாமா தோற்றது. கரி சந்தித்த எந்தத் தோல்வியையும்விட இது கேவலமானது. போதாக்குறைக்கு, அடுத்த செய்தியாளர் சந்திப்பில் இந்தத் தோல்வியைப் பற்றிப் பேசும்போது சேபன் பேர்ல் ஹார்பரையும் செப்டம்பர் 11 தாக்குதலையும் உதாரணமாக இழுத்தார், நாடெங்கும் பலர் முகம் சுளித்தார்கள். சீசன் 7-6 என்று முடிந்தது. சன்னல்கள் உடையவில்லை.

ஏன் உடையவில்லை என்பதற்கு என் விடை, அதற்கு முந்தைய பத்தாண்டு. 1997-க்கும் 2006-க்கும் இடையே அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களைப் பாருங்கள். டுபோஸ் காலத்தில் ஆள்சேர்ப்பு முறைகேடு. அதன் தண்டனை அணியின்மேல் விழுந்திருந்த நேரத்தில் ஃபிரான்கியோன் டெக்சஸுக்குக் கிளம்பிவிட்டார். மைக் பிரைஸ் ஓர் ஆட்டத்துக்கும் பயிற்றுவிக்காமலே 2003 மே மாதத்தில் நீக்கப்பட்டார். பிறகு மைக் ஷூலா, அலபாமாவில் ஆடிய நம் ஆள், மிகவும் நல்லவர், ஆபர்னிடம் நான்கு முறையும் தோற்றார். ரிச் ராட்ரிகஸ் வருகிறார் என்று செய்தி வந்து, அவர் மறுத்துவிட்டார். "நம் ஆள்தான் வேண்டும்" என்ற பிடிவாதம் இத்தனை அவமானங்களில் தேய்ந்துபோயிருந்தது. கரி 1987-இல் வந்தபோது ரசிகர்கள் ஒரு பொற்காலத்தின் வாரிசுகளாகத் தங்களை எண்ணினார்கள். சேபன் வந்தபோது அவர்கள் பத்தியத்துக்குத் தயாராக இருந்த நோயாளிகள். மருத்துவர் சிரிக்கவில்லையே என்று அந்த நிலையில் யாரும் குறைப்படுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. சேபனின் கண்டிப்பில் ஒரு சமத்துவம் இருந்தது. ஆட்டக்காரர், உதவிப் பயிற்றுநர், செய்தியாளர், ரசிகர் என எல்லோரிடமும் ஒரே அளவுகோலை நீட்டினார். உன் இடத்தில் உன் வேலையை முழுமையாகச் செய் என்பதுதான் அவர் கொள்கை. 2017-இல் பத்திரிகைப் புகழ்ச்சியை எலிப்பாஷாணம் என்று அவர் சொன்னது அப்படியே ரசிகர்களின் சட்டைகளில் அச்சானது. ரசிகரைத் திட்டுவதன் மூலம் அவர், வெற்றியில் உனக்கும் ஒரு பொறுப்பு உண்டு என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பார்வையாளனாக மட்டும் நடத்தப்படுவதைவிட அது பெரிய மரியாதை என்று பலர் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் வரிசை எழுதியது:

இழையை ஆர்வத்தோடு படித்துவந்தேன், ஆனால் கடைசிப் பத்தியோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. தென் மாநிலம் ஒன்றின் பல்கலைக்கழகத்தில் முதுநிலை படித்தவன் நான், மாணவர் பகுதியில் நின்று ஆட்டம் பார்த்தவன். செப்டம்பர் மாதத்தில் காலை பதினொரு மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தில், நிழலே இல்லாத அலுமினியப் பலகையில் நான்கு மணி நேரம் நிற்பது என்ன என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். எதிரணியோ பெரிய பல்கலைக்கழகத்தின் அரங்குக்கு வந்து ஆடுவதற்குப் பணம் பெறும் சிறிய அணி, அதன் தோல்வி உறுதி. மூன்றாம் கால்பகுதியில் 45-0. அப்போது வெளியே போகிறவனைப் பொறுப்பற்றவன் என்று கண்டிக்கும் பயிற்றுநர், அந்த எதிரணியை அட்டவணையில் சேர்த்தவர்களைக் கண்டிப்பாரா? நேர்மையாகச் சொன்னால், சேபன் இதையும் பேசியிருக்கிறார். அட்டவணையில் வலுவான எதிரணிகள் வேண்டும் என்று வாதிட்டவர், 2019-இல் பதினொரு மணி ஆட்டங்களைப் பற்றி வெளிப்படையாகக் குறைப்பட்டவர். ஆனால் நேரத்தைத் தீர்மானிப்பது தொலைக்காட்சி நிறுவனங்கள், அவை கேட்கவில்லை. கேட்க வைக்க முடிந்தது மாணவர்களை மட்டும்தான்.

அதன் விளைவைப் பாருங்கள். 2019-இல் அலபாமா ஒரு கைப்பேசிச் செயலியை அறிமுகப்படுத்தியது. மாணவர் ஆட்டத்துக்கு வந்தால் 100 புள்ளி, நான்காம் கால்பகுதி வரை அரங்கில் இருந்தால் மேலும் 250 புள்ளி. இருக்கிறாரா இல்லையா என்பதைக் கைப்பேசியின் இருப்பிடத் தகவல் சொல்லிவிடும். புள்ளி அதிகம் உள்ளவர்களுக்கு மாநாட்டு இறுதியாட்டம், தேசிய இறுதிச்சுற்று ஆகியவற்றின் சீட்டுகளில் முன்னுரிமை. தனியுரிமை பற்றிப் பலர் கேள்வி எழுப்பினார்கள். தாமிரபரணி சொல்லும் உடன்பாடு உண்மையாக இருந்திருந்தால், இருப்பிடத்தைக் கண்காணிக்கும் செயலிக்கு என்ன தேவை?

சேபனின் கோபம் எப்போதும் மாணவர்கள் பக்கமே திரும்பியது என்பதையும் கவனிக்க வேண்டும். குளிரூட்டப்பட்ட பெட்டி இருக்கைகளில் அமர்ந்து, இடைவேளைக்குப் பிறகு வெளியே வராமல் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நன்கொடையாளர்களின் காலி நாற்காலிகளைப் பற்றி எந்தப் பயிற்றுநரும் ஒலிவாங்கியில் பேசியதை நான் கேட்டதில்லை.

கணக்கன் எழுதியது:

மூன்றாம் வரிசைக்கு என் கைத்தட்டல்.

நிட்டனிப் பள்ளத்தாக்கு எழுதியது:

நான் பென்சில்வேனியாவில் பல ஆண்டுகள் வசித்தவள். அலபாமாவைப் பற்றிய இந்த உரையாடலில், ரசிகர் பயிற்றுநரை விரட்டுவது, பொறுத்துக்கொள்வது என்ற இரண்டைத்தான் பேசுகிறீர்கள். மூன்றாவது ஒன்று இருக்கிறது. உறவு அளவு கடந்து இறுகிப்போனால், ரசிகர் பார்க்க வேண்டியதைப் பார்க்க மறுத்துவிடுவார். அதற்கு பென் ஸ்டேட்தான் சாட்சி.

ஜோ பட்டர்னோ அங்கே 1966 முதல் 2011 வரை தலைமைப் பயிற்றுநர். அவருடைய உறவு அலபாமாவின் உறவைப் போல வெற்றியின்மேல் மட்டும் கட்டப்பட்டதன்று. ஆட்டக்காரர்கள் பட்டம் பெற வேண்டும் என்று வலியுறுத்தியவர். பல்கலைக்கழக நூலகத்துக்குப் பெரும் நன்கொடை அளித்து, நிதியும் திரட்டினார். இன்றும் நூலகத்தின் ஒரு பகுதி அவர் குடும்பப் பெயரைத் தாங்குகிறது. அரங்கிலிருந்து நடந்துபோகும் தொலைவில் ஓர் எளிய வீட்டில் வாழ்ந்தார். முன்வரிசை இடத்துக்காக மாணவர்கள் அரங்க வாசலில் நாள்கணக்கில் கூடாரம் போட்டுக் காத்திருக்கும் இடத்துக்கு 2012 வரை "பட்டர்னோவில்" (Paternoville, பட்டர்னோவின் ஊர்) என்றே பெயர் இருந்தது. "நாங்கள் மற்றவர்களைப் போல அல்ல, சரியான வழியில் வெல்கிறோம்" என்ற பெருமையை அவர் ரசிகர்களுக்குக் கொடுத்திருந்தார். கோப்பையைவிடப் பெரிய பரிசு அது.

2011 நவம்பரில், அவருடைய முன்னாள் உதவியாளர் ஜெர்ரி சான்டஸ்கி சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியதாகக் குற்றச்சாட்டுகள் பதிவாயின. 2001-இல் ஒரு நிகழ்வைப் பற்றிப் பட்டர்னோவிடம் நேரடியாகச் சொல்லப்பட்டிருந்தது, அவர் அதை மேலதிகாரிகளிடம் தெரிவித்தார், காவல்துறைக்குப் போகவில்லை. நவம்பர் 9 இரவு அறங்காவலர் குழு அவரை நீக்கியது. அன்றிரவு ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவில் இறங்கித் தொலைக்காட்சி நிறுவனத்தின் வாகனத்தைக் கவிழ்த்தார்கள். சிறுவர்களுக்காக அல்ல, பயிற்றுநருக்காக. உலகம் பார்த்த காட்சி அது.

ஆனால் அந்த வாரத்தை அங்கேயே நிறுத்திவிடுவது நியாயம் ஆகாது. அதே மாணவர்களில் பலர் அதே வாரத்தில் மெழுகுவத்தி ஏந்திப் பாதிக்கப்பட்டவர்களுக்காகக் கூடினார்கள். முன்னாள் மாணவர்கள் பாலியல் வன்முறைக்கு எதிராக இயங்கும் அமைப்புக்கு இலட்சக்கணக்கான டாலர் திரட்டினார்கள். நவம்பர் 12 அன்று நெப்ராஸ்கா ஆட்டத்துக்கு முன்பு இரு அணிகளும் களத்தின் நடுவே சேர்ந்து மண்டியிட்டன. பட்டர்னோ 2012 சனவரி 22 அன்று புற்றுநோயால் இறந்தார். சான்டஸ்கி 45 குற்றங்களில் குற்றவாளி என்று அந்த ஆண்டு சூனில் தீர்ப்பாயிற்று. சூலையில் பட்டர்னோவின் சிலை அகற்றப்பட்டது. கல்லூரி விளையாட்டுச் சங்கம் 60 மில்லியன் டாலர் அபராதம் விதித்து, அவருடைய வெற்றிகள் பலவற்றைப் பதிவிலிருந்து நீக்கியது. 2015-இல் அந்த வெற்றிகள் திரும்பச் சேர்க்கப்பட்டு அவர் கணக்கு மீண்டும் 409 ஆனது. சிலை திரும்பவில்லை. அதைத் திரும்ப வைக்கக் கேட்கும் ரசிகர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு நான் பேசியிருக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். பட்டர்னோ தவறினார் என்று ஒப்புக்கொண்டால், "நாங்கள் மற்றவர்களைப் போல அல்ல" என்ற தங்களுடைய இளமைக்கால நம்பிக்கையும் சேர்ந்து விழுந்துவிடும் என்ற அச்சமே அவர்களைப் பேசவைக்கிறது.

ஆகவே தாமிரபரணி அவர்களே, திட்டும் பயிற்றுநர் எவ்வளவோ மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. சேபனை யாரும் புனிதராகக் கருத அவர் இடம் கொடுக்கவில்லை.

செங்காந்தள் எழுதியது:

நிட்டனிப் பள்ளத்தாக்கு அவர்களின் பதிவைப் படித்த பிறகு டென்னசியைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் அது இந்தக் கதையின் கிளை. 2017 நவம்பர் 26 அன்று டென்னசி பல்கலைக்கழகம் கிரெக் ஷியானோவைப் பயிற்றுநராக்கப் போகிறது என்று செய்தி கசிந்தது. அவர் 1990-களில் பென் ஸ்டேட்டில் உதவியாளராக இருந்தவர். சான்டஸ்கி விவகாரம் அவருக்கும் தெரியும் என்று, ஒருவர் சொல்ல இன்னொருவர் கேட்டதாக ஒரு சாட்சியம் நீதிமன்ற ஆவணத்தில் இருந்தது. ஷியானோ அதை மறுத்தார், அவர்மீது எந்த வழக்கும் இல்லை. சில மணி நேரத்தில் ரசிகர்கள் வளாகத்தில் திரண்டார்கள், மாணவர்கள் வண்ணம் பூசிச் செய்தி எழுதும் பாறையில் அவருக்கு எதிரான வாசகம் ஏறியது, மாநில அரசியல்வாதிகளும் எதிர்ப்பு தெரிவித்தார்கள். அன்று மாலைக்குள் பல்கலைக்கழகம் பின்வாங்கியது. அந்த வாரமே விளையாட்டு இயக்குநர் ஜான் கரி (பில் கரி அல்லர், வேறொருவர்) பதவி இழந்தார்.

ரசிகர்களின் அறச்சீற்றம் என்று சிலர் பாராட்டினார்கள். எனக்கு அதில் ஐயம் உண்டு. ஷியானோவின் வெற்றிக் கணக்கு பட்டர்னோவுடையதைப் போல இருந்திருந்தால் அந்தப் பாறையில் என்ன எழுதியிருப்பார்கள்? நிரூபிக்கப்படாத ஒரு குற்றச்சாட்டு, பிடிக்காத நியமனத்தைத் தடுக்கக் கைக்கு எட்டிய கருவியாயிற்று என்றே நினைக்கிறேன். இரண்டு ஊர்களிலும் ரசிகர்கள் தங்கள் அணியைக் காக்கவே கிளம்பினார்கள்.

ஹன்ட்ஸ்வில்வாசி எழுதியது:

சகோதரி செங்காந்தள் சொன்னதில் பாதி சரி. ஆனால் டென்னசி ரசிகர்களின் சந்தேகத்துக்கு வேறு வேர் உண்டு. 2009-இல் அங்கே பயிற்றுநராக வந்த லேன் கிஃபின் ஒரே சீசன் முடிந்ததும், 2010 சனவரியில், தெற்குக் கலிபோர்னியாவுக்குக் கிளம்பிவிட்டார். அன்றிரவு மாணவர்கள் மெத்தைகளைக் கொளுத்தினார்கள். அந்தக் காயம் ஆறவில்லை. 2021 அக்டோபரில் கிஃபின் மிசிசிப்பியின் பயிற்றுநராக அதே அரங்குக்குத் திரும்பியபோது ஆட்டத்தின் இறுதியில் குப்பிகள் பறந்தன, அவர்மேல் கோல்ஃப் பந்து ஒன்று வந்து விழுந்தது, கடுகுச் சாறு குப்பிகூட வீசப்பட்டது. ஆட்டம் ஏறத்தாழ இருபது நிமிடம் நின்றது. மாநாடு டென்னசிக்கு 2,50,000 டாலர் அபராதம் போட்டது. மேலதிகாரிகள் கொண்டுவரும் ஆளை நம்பக் கூடாது என்ற பாடத்தைக் கற்ற ரசிகர்கள்தான் 2017-இல் பாறைக்கு வண்ணம் பூசினார்கள்.

சேபனுக்கும் இப்படி ஒரு மறுபக்கம் உண்டு. லூயிசியானா ஸ்டேட்டுக்கு 2003 சீசனின் பட்டத்தை வென்று கொடுத்துவிட்டுத் தொழில்முறை அணிக்குப் போனதை அவர்கள் மன்னித்திருப்பார்கள். திரும்பி வரும்போது அலபாமாவுக்குப் போனதை மன்னிக்கவில்லை. 2008 நவம்பரில் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஊரான பேட்டன் ரூஜுக்கு அவர் முதன்முறை திரும்பி வந்து, கூடுதல் நேரத்தில் 27-21 என்று வென்றபோது அந்த ஊர் காட்டிய வெறுப்பை நேரில் பார்த்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள். ஒரே மனிதர், ஒரே கண்டிப்பு, ஓர் ஊரில் சிலை, இன்னோர் ஊரில் துரோகி.

கணக்கன் எழுதியது:

இப்போது நான் எதிர்பார்த்த இடத்துக்கு வந்திருக்கிறோம். இந்த உறவின் அடியில் பணம் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை.

ரசிகர் வேறு, நன்கொடையாளர் வேறு. ரசிகர் கூச்சலிடலாம், ஆனால் பயிற்றுநரை நீக்கும்போது கொடுக்க வேண்டிய இழப்பீட்டுக்குப் பணம் தருகிறவர் நன்கொடையாளர்தான். 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்டு எம், ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது அவருக்குச் சேர வேண்டிய தொகை 75 மில்லியன் டாலருக்கும் மேல். பென் ஸ்டேட் அரங்கில் 2025 அக்டோபரில் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கச் சொல்லி ரசிகர்கள் முழக்கமிட்டார்கள், நார்த்வெஸ்டர்னிடம் தோற்ற மறுநாளே அவர் நீக்கப்பட்டார். முழக்கம் காரணம் என்று ரசிகர்கள் நினைத்துக்கொள்ளலாம். அந்த முழக்கத்துக்குப் பின்னால் காசோலை எழுதத் தயாரான சிலர் இல்லாதிருந்தால் அது வெறும் சத்தமாகவே போயிருக்கும்.

2021 சூலை முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயராலும் உருவத்தாலும் சம்பாதிக்கலாம் என்று ஆனது. 2025 சூலை முதல் பல்கலைக்கழகங்களே ஆண்டுக்கு ஏறத்தாழ 20.5 மில்லியன் டாலர் வரை ஆட்டக்காரர்களுக்குப் பகிரலாம் என்றும் ஆகிவிட்டது. பயிற்றுநரின் வேலையில் பாதி இப்போது நிதி கேட்பது. 2022 மே மாதம் பர்மிங்காமில் தொழிலதிபர்கள் நிறைந்த கூட்டத்தில்தான் சேபன், டெக்சஸ் ஏ அண்டு எம் ஒவ்வோர் ஆட்டக்காரரையும் விலைக்கு வாங்கியது என்று பேசிப் பெரும் சண்டையைக் கிளப்பினார், பிறகு பெயர் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டார். அந்தப் பேச்சு நடந்த இடத்தைக் கவனியுங்கள். மாணவர்களிடம் கண்டிப்பு, தொழிலதிபர்களிடம் வேண்டுகோள். மூன்றாம் வரிசை சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன்.

மூன்றாம் வரிசை எழுதியது:

ஆட்டக்காரர்கள் ஆண்டுதோறும் அணி மாறுவதால் ரசிகருக்குத் தெரிந்த ஒரே நிலையான முகம் பயிற்றுநர் என்று ஆகிவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்பும் வெறுப்பும் முன்பைவிட அதிகமாக அவர்மீதே குவிவதற்கு இது ஒரு காரணம்.

தாமிரபரணி எழுதியது:

அப்படியானால் இப்போதைய அலபாமாவை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். 2024 சனவரி 10 அன்று சேபன் ஓய்வை அறிவித்தார், இரண்டு நாளில் வாஷிங்டனிலிருந்து கேலன் டிபோர் வந்தார். தெற்குத் தகோட்டாவைச் சேர்ந்தவர், அமைதியானவர், யாரையும் திட்டாதவர். முதல் சீசனிலேயே வான்டர்பில்ட்டிடம் 40-35 என்று தோற்றார். 2025 தொடக்க ஆட்டத்தில் ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 31-17. அந்த வாரம் வானொலி நிகழ்ச்சிகளில் அழைத்துப் பேசியவர்களின் குரலைக் கேட்டவர்கள் 1988-ஐ நினைத்திருப்பார்கள். நான்கு வாரம் கழித்து ஜார்ஜியாவை அவர்களுடைய அரங்கிலேயே 24-21 என்று வென்றதும் அதே குரல்கள் அடங்கிப்போயின. கணக்கன் அவர்கள் இதைத் தம் கட்சிக்கு எடுத்துக்கொள்வார் என்று தெரியும். ஆனால் டிபோர் செய்த தவறு என்று ரசிகர்கள் சொல்வது தோல்வியை மட்டும் அல்ல, தோற்ற பிறகும் அவர் அமைதியாக இருப்பதை. சேபனின் கோபத்தில் அவர்கள் தங்கள் கோபத்தைப் பார்த்தார்கள். டிபோரின் நிதானத்தில் அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை.

ஹன்ட்ஸ்வில்வாசி எழுதியது:

நான் வேலை செய்யும் ஊரில் இதைத் தினமும் கேட்கிறேன், ஐயா. நீங்கள் சொன்ன கடைசி வரி உண்மை. ஆனால் டிபோருக்குள்ள சிக்கல் அவருடைய குணத்தில் இல்லை, காலத்தில் இருக்கிறது. பெர்கின்ஸும் கரியும் பிரையன்டுக்கு மிக அருகில் வந்தார்கள். டிபோர் சேபனுக்கு மிக அருகில் வந்திருக்கிறார். சேபன் இறக்கவும் இல்லை, ஊரைவிட்டுப் போகவும் இல்லை. சனிக்கிழமை காலையில் தொலைக்காட்சியில் அமர்ந்து ஆட்டங்களை அலசுகிறார். ஆடுகளத்தின் பெயரே அவர் பெயர். டிபோர் எந்த முடிவை எடுத்தாலும், சேபன் என்ன செய்திருப்பார் என்று ரசிகர் கற்பனை செய்யத் தேவையில்லை, தொலைக்காட்சியைப் போட்டால் அவரே சொல்லிவிடுவார். பிரையன்டின் பின்னோர்க்கு இருந்தது நினைவின் சுமை. இவருக்கு இருப்பது உயிரோடு இருக்கும் ஒருவருடன் வாராவாரம் ஒப்பீடு.

நிட்டனிப் பள்ளத்தாக்கு எழுதியது:

அப்படியென்றால் டிபோரைக் கரியோடு ஒப்பிடுவதா, ஸ்டாலிங்ஸோடு ஒப்பிடுவதா என்பதை ஆபர்ன் ஆட்டங்கள் தீர்மானிக்கட்டும். கரியை வீழ்த்தியது அந்த மூன்று தோல்விகள் என்று நீங்கள்தான் தொடக்கத்தில் எழுதினீர்கள்.

ஹன்ட்ஸ்வில்வாசி எழுதியது:

ஆம். 2024-இல் டிபோர் ஆபர்னை 28-14 என்று வென்றார். இங்கே அந்தக் குளிர்காலம் முழுவதும் அவரைப் பற்றி நல்லபடியாகச் சொல்லப்பட்ட ஒரே விஷயம் அதுதான்.